முப்பத்து மூன்று ரூபாய் மீன்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது டிவியை அல்ல, அதற்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றடி கண்ணாடித் தொட்டியைத்தான். பார்த்தவுடன் கேட்கும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான். "என்னப்பா இது, ஜிலேபி மீனை எல்லாம் தொட்டியில வளக்கறீங்க?"

எனக்குக் கோபம் வருவதில்லை. ஏனென்றால் பார்க்க அப்படித்தான் இருக்கிறது. சாம்பல் நிறம், ஒரு சாண் நீளம், அகலமான உடம்பு. குழம்பு வைத்தால் நான்கு பேர் சாப்பிடலாம் என்று மாமா ஒருமுறை கணக்கே போட்டுவிட்டார்!

ஆனால் அது ஜிலேபி இல்லை. பிளவர்ஹார்ன். வண்ண மீன் கடைகளில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். நெற்றியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புடைப்பு, சிவந்த உடம்பு, பக்கவாட்டில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், அதைச் சுற்றி முத்துப் பொடி தூவியது போல மினுமினுப்பு... இதுதான் நல்ல பிளவர்ஹார்னுக்கு லட்சணம். எங்கள் வீட்டு மீனுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. அதன் பெயர் 'முப்பத்து மூணு'. ஏன் அந்தப் பெயர் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் பி.காம் படிக்கிறேன். இரண்டாம் வருடம் படிக்கும்போது காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் விழுந்தது. அதே சமயத்தில் கைச்செலவுக்கு வீட்டில் காசு கேட்கவும் கூச்சமாக இருந்தது. சென்னையில் கொளத்தூர் பக்கம் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே தெருவுக்குத் தெரு மீன்தான். மொட்டை மாடியிலும் வீட்டுப் பின்பக்கத்திலும் சிமெண்ட் தொட்டி கட்டி வண்ண மீன் குஞ்சு பொரித்து விற்பது அங்கே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. அப்படி ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குச் சேர்ந்தேன். தண்ணீர் மாற்றுவது, தொட்டி தேய்ப்பது, மீன் பிடித்துப் பாலிதீன் பையில் போட்டு ஆக்சிஜன் அடைத்துக் கட்டுவது. எட்டு மாதம் வேலை பார்த்தேன். அவரை இங்கே அண்ணன் என்றே சொல்கிறேன்.

முதல் நாளே ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டேன். "அண்ணா, இதெல்லாம் கலப்பின மீனா?" அண்ணன் சிரித்தார். "எல்லாமே கலப்பு இல்ல தம்பி. சிலது பொறுக்கினது, சிலது கலந்தது."

அந்த ஒரு வரியில் பெரிய விஷயம் இருக்கிறது. நம்மில் பலர் வித்தியாசமாக இருக்கும் எல்லா மீனையும் கலப்பினம் என்று நினைக்கிறோம். தங்க மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பிதுங்கிய கண், இரட்டை வால், பந்து வயிறு என்று எத்தனை வகை! ஆனால் அத்தனையும் ஒரே இனம்தான். சீனாவில் ஆயிரம் வருடத்துக்கு முன்பிருந்தே, சாம்பல் நிறக் கெண்டை ஒன்றில் எப்போதாவது பிறக்கும் மஞ்சள், சிவப்புக் குஞ்சுகளைத் தனியே பொறுக்கி, அவற்றையே மறுபடி இணைய விட்டு, தலைமுறை தலைமுறையாகச் செய்தது. கப்பியும் பெரும்பாலும் இப்படித்தான். இது பொறுக்கல்.

கலப்பு வேறு. இரண்டு வெவ்வேறு இனங்களைச் சேர்ப்பது. இதற்கு உதாரணம் தேட பெரிய கடைக்குப் போக வேண்டாம். பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் சிவப்பு ஸ்வார்ட் டெயில் போதும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து ஓடைகளில் இருக்கும் ஸ்வார்ட் டெயில் பச்சை நிறம். அதன் சொந்தக்காரனான பிளாட்டி மீனோடு கலந்துதான் கடையில் பார்க்கும் அந்தச் சிவப்பு வந்தது. இந்த இரண்டும் முட்டை இடாமல் நேராகக் குட்டி போடும் வகை என்பதால் கலப்பது சுலபம். ஒரே தொட்டியில் விட்டாலே போதும்.

இந்தச் சாதாரண மீனுக்குள் ஒரு பயங்கரமான கதையும் இருக்கிறது. கறுப்புப் புள்ளி உள்ள பிளாட்டியை ஸ்வார்ட் டெயிலோடு கலந்து, பிறந்த குட்டியை மறுபடி ஸ்வார்ட் டெயிலோடே கலந்தால், சில குட்டிகளுக்கு அந்தப் புள்ளி பரவித் தோல் புற்றுநோயாக மாறுகிறது. 1920-களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். புள்ளியை உண்டாக்கும் மரபணு பிளாட்டியிடம் இருக்கிறது, அதை அடக்கி வைக்கும் மரபணுவும் பிளாட்டியிடமே இருக்கிறது. கலக்கும்போது முதலாவது வந்து இரண்டாவது வராமல் போனால் பிரேக் இல்லாத லாரிதான். புற்றுநோய் ஆராய்ச்சியில் இந்த மீன்களை இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஓர் இனம் தனக்குள் எத்தனை காலமாக ஒரு கணக்கைச் சரிக்கட்டி வைத்திருக்கிறது, நாம் அதைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, பிளவர்ஹார்னுக்கு வருவோம். அதற்கு முன்னால் கிளி மீனைச் சொல்ல வேண்டும். கடையில் 'பேரட்' என்று கேட்டால் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, கிளி மூக்கோடு ஒரு மீனைக் காட்டுவார்கள். 1980-களின் நடுவில் தைவானில் உருவாக்கியது. மத்திய அமெரிக்காவின் மைடாஸ் சிக்லிட் மீனையும், சிவப்புத் தலை கொண்ட இன்னொரு சிக்லிட் மீனையும் சேர்த்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். உருவாக்கியவர்கள் தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். அந்த மீனை உற்றுப் பாருங்கள். வாய் முழுசாக மூடாது. செங்குத்தான ஒரு பிளவு மாதிரி எப்போதும் திறந்தே இருக்கும். வாயால் கடிக்க முடியாமல் தொண்டையில் இருக்கும் பற்களால்தான் தீனியை நசுக்கிச் சாப்பிடுகிறது. பார்ப்பவர்களுக்கு அது சிரிப்பது போல இருக்கிறது. 'எவ்ளோ க்யூட்!' என்கிறோம்.

சிக்லிட் என்பது ஒரு பெரிய குடும்பம். நம் ஏரிகளில் இருக்கும் ஜிலேபி அந்தக் குடும்பம்தான். கேரளாவின் கரிமீனும் அதே குடும்பம்தான். ஆக எங்கள் வீட்டு விருந்தாளிகள் சொல்வதில் பாதி உண்மை!

இந்தக் கிளி மீன் மலேசியாவுக்குப் போனது. 1990-களில் அங்கிருந்த வளர்ப்பாளர்கள் அதையும், மத்திய அமெரிக்காவிலிருந்து வரவழைத்த வேறு சில சிக்லிட்களையும் மாற்றி மாற்றிக் கலந்தார்கள். அப்படி வந்ததுதான் பிளவர்ஹார்ன். சீன மொழியில் லுவோ ஹான். புத்தரின் சீடர்களான அருகத்துகளைக் குறிக்கும் சொல் அது. நிகராகுவா ஏரிகளில் வாழும் மைடாஸ் ஆண் மீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் நெற்றி புடைத்துக்கொள்ளும். அதை நிரந்தரமாக, இன்னும் பெரிதாக ஆக்கியதுதான் பிளவர்ஹார்னின் மண்டை. பெரிய மண்டை என்றால் அதிர்ஷ்டம். உடம்பில் இருக்கும் கறுப்புக் கோடுகள் சீன எழுத்து மாதிரி தெரிந்தால் அதைவிட அதிர்ஷ்டம். நம் ஊரில் அரோவானாவை வாஸ்து மீன் என்று வாங்குகிற மாதிரிதான்.

இனி இதை எப்படிக் குஞ்சு எடுக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

ஆணையும் பெண்ணையும் நேராகச் சேர்த்து விட முடியாது. பிளவர்ஹார்ன் ஆண் மகா முரடன். கண்ணாடி வழியே என் விரலைப் பார்த்தே மோதும். பெண் தயாராக இல்லாத நேரத்தில் உள்ளே விட்டால் அரை மணி நேரத்தில் செதில் செதிலாகப் பிய்த்துவிடும். அதனால் தொட்டியின் நடுவே தடுப்பு வைத்து ஒன்றையொன்று பார்க்க மட்டும் விடுவார்கள். சில நாட்களில் பெண்ணுக்கு அடிவயிற்றில் முட்டை இடும் குழல் வெளியே துருத்தும். அப்போது ஒரு டைல்ஸ் கல்லை உள்ளே வைத்துத் தடுப்பை எடுப்பார்கள். பெண் கல்லைச் சுத்தம் செய்து வரிசை வரிசையாக முட்டை ஒட்ட வைக்கும், ஆண் பின்னாலேயே வந்து விந்து விடும். ரொம்ப முரடான ஆணாக இருந்தால் ஓட்டை போட்ட தடுப்பு வழியாகவே இந்த வேலை நடக்கும். தடுப்பை எடுப்பதே இல்லை.

பிறகு கல்லோடு முட்டைகளை எடுத்து வேறு தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழி விட்டு, பூஞ்சை பிடிக்காமல் இருக்க நீல மருந்து சொட்டுவார்கள். மறுநாள் காலையில்தான் பரீட்சை ரிசல்ட். கருவுற்ற முட்டை தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். கருவுறாதது வெள்ளையாகிவிடும். பல நாள் மொத்தக் கல்லும் வெள்ளை. காரணம், பார்க்க அழகான ஆண்களில் பல மலடு. கிளி மீன் ஆண்கள் பெரும்பாலும் மலடு. அதன் ரத்தம் கலந்த பிளவர்ஹார்ன் வகைகளிலும் அந்தக் குறை தொடர்கிறது. அதனால்தான் குஞ்சு கொடுக்கிற ஆண் ஒன்று கிடைத்துவிட்டால் வளர்ப்பவர்கள் அதை யாருக்கும் விற்பதில்லை. அண்ணனிடம் அப்படி ஒன்று இருந்தது. ஒரு கண் பழுதான கிழட்டு மீன். லட்ச ரூபாய் கொடுத்தாலும் தர மாட்டேன் என்பார். (லட்ச ரூபாய் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்!)

இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சு முதலில் நீந்தாது, வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவைத் தின்றபடி தரையில் துடித்துக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் நீந்த ஆரம்பித்ததும் தீனி. உப்புத் தண்ணீரில் பொரித்த ஆர்ட்டிமியா, அப்புறம் புழு, அப்புறம் குருணைத் தீனி. ஒரு கல்லிலிருந்து பல நூறு குஞ்சு வரும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். என் இடுப்பு ஒடிந்தது இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டு மூன்று மாதத்தில் பொறுக்கல் ஆரம்பிக்கும். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். நான் வலையில் ஐந்தாறு மீனை எடுத்துக் காட்டுவேன். நெற்றி லேசாகத் தூக்கியிருக்கிறதா, முத்து இருக்கிறதா, உடம்பு நேராக இருக்கிறதா, கண் எப்படி... எல்லாம் இரண்டு வினாடிதான். "இது நிக்கட்டும். இது கடைக்கு. இது தேறாது, இது தேறாது, இது தேறாது."

தேறாது. அரியர் வைத்திருந்தவன் காதில் அந்த வார்த்தை எப்படி விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் கேட்டேன். "அப்பா அம்மா ரெண்டும் சூப்பரா இருக்கே அண்ணா, குஞ்சு ஏன் இப்படி வருது?" அண்ணனுக்குத் தெரிந்த பதில், "கலப்பு அப்படித்தான் தம்பி". பிறகு நூலகத்தில் படித்துப் புரிந்துகொண்டதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பல தலைமுறையாகப் பொறுக்கிய ஒரே இன மீன் என்பது, ஏறக்குறைய ஒரே மாதிரி சீட்டுகள் உள்ள சீட்டுக்கட்டு. எத்தனை முறை கலைத்துப் போட்டாலும் கையில் வருவது அதேதான். தூய இனங்கள் இரண்டைக் கலந்தால் முதல் தலைமுறை ஓரளவு ஒரே மாதிரி இருக்கும், எல்லாக் குஞ்சுக்கும் பாதி இங்கே, பாதி அங்கே என்று கிடைப்பதால். ஆனால் அந்தக் கலப்புக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் சீட்டு சிதறும். பிளவர்ஹார்னோ மூன்று நான்கு கட்டுகளைக் கொட்டிக் கலந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைந்து விழுகிறது. எப்போதாவது ஒரு கைக்கு நான்கு ஏஸ் வரும். மற்றதெல்லாம் சில்லறை. ஆக, தேறாத மீன் என்பது வேலையில் நடந்த தவறல்ல. அதுதான் இந்தத் தொழிலின் வழக்கமான விளைச்சல்.

இந்த இடத்தில்தான் எனக்குக் காஸ்டிங் புரிந்தது. ஆமாம், நிஜமாகவே! பாடத்தில் ஜாயின்ட் ப்ராடக்ட் என்று ஓர் அத்தியாயம். ஒரே செலவில் ஒன்றாகப் பிறக்கும் பல பொருட்களுக்கு அந்தச் செலவை எப்படிப் பங்கிடுவது? கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் வரும் உதாரணத்தை எத்தனை தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. அண்ணனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் ஏறியது. கணக்குக்கு வசதியாக எண்களைக் கொஞ்சம் முழுசாக்கிச் சொல்கிறேன்.

ஒரு ஈட்டுக் குஞ்சை மூன்று மாதம் வளர்க்கத் தீனி, கரண்ட், தண்ணீர் லாரி, மருந்து எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். தப்பிப் பிழைத்தது 600 மீன். அதில் முதல் தரம் 2, ஒன்று 8,000 ரூபாய். இரண்டாம் தரம் 20, ஒன்று 600 ரூபாய். கடைக்குப் போவது 200, ஒன்று 60 ரூபாய். மொத்த விற்பனை 16,000 கூட்டல் 12,000 கூட்டல் 12,000, ஆக 40,000. மீதி 378 மீன் தேறாதது.

விற்பனை மதிப்பு முறையில் செலவைப் பங்கிட்டால், 8,000 ரூபாய் மீனுக்கு 4,000 ரூபாய் செலவு. 60 ரூபாய் மீனுக்கு 30 ரூபாய். தேறாத 378-க்கு? பூஜ்யம். கணக்கில் அவை பிறக்கவே இல்லை. பாடப் புத்தகத்தில் இதற்கு நார்மல் லாஸ் என்று பெயர். எதிர்பார்த்த நட்டம். அதைத் தனியாகக் காட்டத் தேவையில்லை, நல்ல சரக்கின் தலையில் ஏற்றிவிடலாம்.

இன்னொரு முறை இருக்கிறது. எண்ணிக்கை முறை. 20,000-ஐ 600-ஆல் வகுத்தால் மீன் ஒன்றுக்கு 33 ரூபாய் 33 பைசா. இப்படிப் பார்த்தால் தேறாத 378 மீனுக்கும் சேர்ந்து 12,600 ரூபாய் செலவாகியிருக்கிறது. அதாவது அண்ணன் போட்ட பணத்தில் பாதிக்கு மேல், யாரும் வாங்காத மீன்களை வளர்த்த பணம். அந்த மீன்களும் அதே ஆர்ட்டிமியாவைத் தின்றன. அதே தண்ணீரில் இருந்தன. எனக்கும் அதே இடுப்பு வலியைக் கொடுத்தன. வியாபாரத்துக்கு எந்த முறை சரி என்று கேட்டால் முதல் முறைதான். பரீட்சையில் அதைத்தான் எழுதினேன், அரியரும் போய்விட்டது. ஆனால் எது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால்... இரண்டாவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, அந்த 378 எங்கே போகும்?

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் நான்கு அரோவானா இருந்தது. அரோவானா உயிர் மீனைத்தான் ஆசையாகச் சாப்பிடும். பொறுக்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேறாத வாளியை எடுத்துப் போய் அந்தத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவது என் வேலை. மிச்சத்தைப் பெரிய மீன் வைத்திருப்பவர்கள் தீனிக்கென்று வந்து வாங்கிப் போவார்கள். நான் கொட்டினேன். ஒரு வாரம் இல்லை, எட்டு மாதம். முதல் தடவை கை கூசியது. நாலாவது தடவை பாட்டுக் கேட்டுக்கொண்டே கொட்டினேன். அண்ணனைக் குறை சொல்ல நான் யார்? அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள், வாடகை இடம், கோடையில் தண்ணீர் லாரிக்கே பாதி வருமானம் போகும். 378 மீனுக்கும் தொட்டி கட்டி வளர்க்கச் சொல்ல முடியுமா? மற்றபடி கடலில் இதைவிட அதிகமாக மீன் மீனைத் தின்கிறது. இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

கணக்குப் போட்ட அந்த வாரம் மட்டும் முடியவில்லை. வாளிக்குள் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் 33 என்று எழுதியிருப்பது போல இருந்தது. "அண்ணா, மூணு எடுத்துக்கவா?" என்றேன். "எதுக்குத் தம்பி இது? நல்லதா ஒண்ணு தரேன், எடுத்துட்டுப் போ" என்றார். வேண்டாம் என்று கையில் கிடைத்த மூன்றைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். அடுத்த மாதம் வேலையையும் விட்டுவிட்டேன். செமஸ்டர் என்று காரணம் சொன்னேன்.

நல்லவன் ஆகிவிட்டதாக நினைத்தேன். மீன் அப்படி நினைக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒன்று இன்னொன்றைக் கொன்றது. நான்காவது மாதம் மிச்சமிருந்த இரண்டில் ஒன்று செத்துக் கிடந்தது. நான் அரோவானாவிடமிருந்து காப்பாற்றியவற்றை இது முடித்துவிட்டது! மிஞ்சிய அந்த ஒன்றுதான் முப்பத்து மூணு. அதற்குப் பிறகு அசுர வளர்ச்சி. இரண்டடித் தொட்டி போதாமல் மூன்றடி வாங்கினோம். சரளைக் கல்லை எல்லாம் வாயில் அள்ளி மூலைக்கு மாற்றும். இரவில் படார் என்று மூடியில் மோதும். அப்பாவுக்குத் தூக்கம் கெட்டது.

ஒருநாள் ஆயாதான் சொன்னார். "வாயில்லா ஜீவனை ஏண்டா அடைச்சு வச்சிருக்க? ரெட்டேரியில வுட்டுடு, புண்ணியமாப் போவும்." அப்பாவும் தலையாட்டினார். எனக்கும் ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. தொட்டி கழுவும் வேலை மிச்சம், புண்ணியமும் சேரும். இரட்டை லாபம்.

ஆனால் அதற்குள் நான் மடானோ ஏரியைப் பற்றிப் படித்திருந்தேன். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் இருக்கிறது. மிகப் பழைய, மிக ஆழமான ஏரி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன், நத்தை, இறால் வகைகள் அங்கே உண்டு. அந்த ஏரியில் பிளவர்ஹார்ன் புகுந்துவிட்டதை 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. யாரோ வளர்த்ததை விட்டிருக்க வேண்டும், வேறு வழியில் அது அங்கே போக முடியாது. ஏனென்றால் பிளவர்ஹார்னுக்குச் சொந்தமான ஆறோ ஏரியோ பூமியில் எங்குமே கிடையாது. அங்கே அது குஞ்சு பொரித்துப் பரவி, அந்த ஏரியின் சொந்த உயிர்களைத் தின்கிறது. எல்லாமே மலடு இல்லை, பார்த்தீர்களா? சிங்கப்பூர், மலேசியாவிலும் 2000-களின் தொடக்கத்தில் இந்த மீன் மோகம் உச்சத்துக்குப் போய் அடங்கியபோது, வேண்டாத மீன்களைக் கால்வாயிலும் நீர்த்தேக்கத்திலும் விட்டிருக்கிறார்கள்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. ஆப்பிரிக்க ஜிலேபியை 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். இன்று அது இல்லாத ஏரி உண்டா? தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் டேங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன். பெரிதானதும் ஏரியில் விட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் பல இடங்களில் மீனவர் வலையில் அதுதான் சிக்குகிறது. தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது, முள் வலையைக் கிழிக்கும். அந்த நட்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

இதை எல்லாம் ஆயாவிடம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். நிகராகுவா, தைவான், மலேசியா எல்லாம் அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "அப்ப இதுக்குன்னு ஒரு ஊரே இல்லையாடா?"

இல்லை என்றேன்.

"பாவம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று சாயங்காலம் பார்த்தால் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் வைத்திருந்த தீனி டப்பாவிலிருந்து ஒவ்வொரு உருண்டையாகப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது காலை மாலை இரண்டு வேளையும் தீனி அவர் பொறுப்பு. நான் போனால் கண்ணாடியில் மோதுகிற மீன், அவர் போனால் வாலை ஆட்டிக்கொண்டு மேலே வருகிறது.

பிளவர்ஹார்ன் பத்து வருடம் வரைகூட வாழும். எனக்கு இது கடைசி செமஸ்டர். வேலை எந்த ஊரில் கிடைக்கும் என்று தெரியாது. ஆயாவுக்கு 76 வயது. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

கலப்பின மீனே வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எட்டு மாதம் அந்தக் காசில்தான் டீ குடித்தேன். வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். ஒன்று, கிளி மீன் வாங்கும் முன் அதன் வாயைப் பாருங்கள், ஊதா, பச்சை என்று இயற்கையில் இல்லாத நிறத்தில் இருந்தால் அது சாயம் ஏற்றியது, தொடாதீர்கள். இரண்டு, உள்ளங்கை அளவுக் குஞ்சு ஒரு சாண் ஆகும் என்பதை நினைவில் வைத்துத் தொட்டி வாங்குங்கள். மூன்று, வளர்க்க முடியவில்லை என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், இல்லை வளர்க்கிற யாரிடமாவது கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள். அது புண்ணியம் இல்லை.

அடுத்த முறை கடையில் பெரிய மண்டையோடு ஒரு பிளவர்ஹார்ன் நீந்துவதைப் பார்த்தால், அதன் விலையை மட்டும் பார்க்காமல், அதோடு கூடப் பிறந்தவை எத்தனை இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அதில் ஒன்று எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. வந்தால் பார்க்கலாம். தயவு செய்து ஜிலேபி என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆயாவுக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது.